கஞ்சிக்கோட்டில் 6ஜி வெல்டர் டெஸ்ட் கொடுக்கப் போகிறவர்களுக்கு

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கத்துப் பையன்களுக்கு வெல்டிங் வேலை என்றால் இரண்டு திசைதான். மேற்கே பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டு ஷெட்டுகள், கிழக்கே கோயம்புத்தூர். கேட், கிரில், ஷட்டர் என்று நாலைந்து வருஷம் ராடு பிடித்தபின், பைப் வேலைக்கு மாறினால் கூலி கூடுமே என்று தோன்றும். அங்கே போய் நின்றால் முதல் கேள்வியே, "6ஜி டெஸ்ட் கொடுத்திருக்கிறாயா?" என்பதுதான்.

பைப்பை 45 டிகிரி சாய்வில் நிறுத்திக் கட்டிவிட்டு, அதைத் திருப்பாமல், நீங்கள் சுற்றி வந்து பற்ற வைப்பது 6ஜி. கை நன்றாக ஓடுகிற ஆள்கூட இதில் மாதக்கணக்கில் அலைகிறார். எந்தத் தாள் வேண்டும், எந்தப் பைப்பில் பழக வேண்டும், யாரிடம் பணம் கொடுக்கக் கூடாது என்று சொல்ல ஆள் கிடையாது. எனக்கும் இருக்கவில்லை. ஷெட்டு ஷெட்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஆர்க் பிடிக்கவே இன்னும் வராதவர்களுக்கு இது உதவாது. அவர்கள் முதலில் ஐ.டி.ஐ. போவது நல்லது. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் வெல்டர் டிரேடில் சேரலாம், ஓராண்டுப் படிப்பு. மலம்புழாவிலும் இருக்கிறது, கோயம்புத்தூரிலும் இருக்கிறது.

1. எந்தச் சான்றிதழ் என்று முதலில் கேளுங்கள்

வெல்டர் சான்றிதழ் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை கலந்து கிடக்கின்றன.

ஐ.டி.ஐ. சான்றிதழ் நீங்கள் படித்ததைக் காட்டும். அப்ரன்டிஸ் சேரவும், அரசு வேலைக்கு மனுப் போடவும் அதுதான் வேண்டும். அதை வைத்து யாரும் உங்களை நேராக பிரஷர் லைனில் விடமாட்டார்கள்.

இரண்டாவது, கம்பெனி தன் வேலைக்காகத் தானே டெஸ்ட் எடுத்துக் கொடுக்கும் டபிள்யூ.பி.க்யூ. (வெல்டர் தகுதிச் சான்று). பெரும்பாலும் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர் சங்கமான ஆஸ்மியின் செக்‌ஷன் 9 விதிப்படி எடுப்பார்கள். இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அந்த விதிப்படி வெல்டரைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வேலை கொடுக்கும் கம்பெனியுடையது. ஒரு கம்பெனியில் தேறிய தாளை இன்னொரு கம்பெனியிடம் நீட்டினால், உங்களைக் கூப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க அது உதவும், அவ்வளவுதான். அங்கே மறுபடி டெஸ்ட் உண்டு.

இது புரிந்தால் 'பத்தே நாளில் 6ஜி சர்டிபிகேட்' என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களை எப்படிப் பார்ப்பது என்பது விளங்கிவிடும். நான் ஒரு இடத்தில் விசாரித்தபோது, பைப்பையே கையில் தராமல் சான்றிதழுக்கு மட்டும் ஒரு விலை சொன்னார்கள். அந்தத் தாள் டெஸ்ட் பூத்தில் செல்லாது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கொடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. எத்தனை கூப்பன் (வெல்ட் செய்து பார்க்கும் சோதனைத் துண்டு) என் கையால் வெல்ட் செய்வேன், எத்தனையை அறுத்து வளைத்துக் காட்டுவீர்கள் என்று கேளுங்கள். நேரான பதில் வந்தால் சேருங்கள். பணமும் நேரமும் இருந்தால் திருச்சி பெல் வளாகத்திலுள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகளையும் விசாரியுங்கள்.

மூன்றாவது, பாய்லர் வேலைக்கான ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) சான்றிதழ். இதைத் தருவது மாநில பாய்லர் துறை. கேரளத்தில் அது ஃபாக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் துறை, தமிழ்நாட்டில் பாய்லர் இயக்ககம். இரண்டு ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ரைஸ் மில், பேப்பர் மில், மின் நிலையம் என்று நீராவி ஓடும் இடங்களுக்கு இது இல்லாமல் முடியாது. சாதாரண பைப்பிங் ஷெட்டுக்குப் போகிறவர் இதற்காக முதலிலேயே அலைய வேண்டாம்.

2. தாள்களைச் சரிசெய்ய ஒரு மாதம் ஒதுக்குங்கள்

கேட்பவை சாதாரணமானவைதான்: ஆதார், பத்தாம் வகுப்பு அல்லது பிறந்த தேதிக்கான சான்று, ஐ.டி.ஐ. இருந்தால் அது, அனுபவச் சான்று, கண் பரிசோதனைச் சீட்டு, போட்டோ, பேங்க் பாஸ்புக்.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனித் தலைவலி உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தால் இனிஷியல் பேருக்கு முன்னால் வரும். கேரளப் பள்ளி என்றால் பின்னால் வரும், சிலருக்கு வீட்டுப்பேரும் ஒட்டிக்கொள்ளும். ஆதாரில் அப்பா பேர் முழுசாக விரிந்திருக்கும். கஞ்சிக்கோட்டில் கான்டிராக்டர் இதைக் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் டபிள்யூ.பி.க்யூ.வில் ஒரு பேர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பேர் என்று போய்விட்டால், பின்னால் கல்ஃப் வேலைக்கு அந்த அனுபவம் உங்களுடையதுதான் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

கேரள முகவரி உள்ளவர்கள் அக்‌ஷயா மையத்தில் விண்ணப்பித்து, வில்லேஜ் ஆபீசரிடமிருந்து 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் வாங்கலாம். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று அது சொல்லும். செலவு சொற்பம். தமிழ்நாட்டு முகவரிக்காரர்கள் பேரையே மாற்ற வேண்டுமென்றால் கெஜட் வழியாகப் போக வேண்டும். அதற்கு நாளும் பணமும் கூடுதலாகும். எப்படியானாலும் டெஸ்ட்டுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பேரை எழுதுங்கள். கூப்பிடும் பேரை எழுதாதீர்கள்.

அனுபவச் சான்று பற்றி ஒன்று. சின்ன ஷெட்டு லெட்டர்ஹெட்டில் 'ஐந்து வருடம் வேலை பார்த்தார்' என்று எழுதி வாங்கி வந்தால் பெரிய கம்பெனியில் யாரும் நம்புவதில்லை. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணில் சர்வீஸ் ஹிஸ்டரி இருந்தால் அதை யாரும் மறுக்க முடியாது. கான்டிராக்டர் மாறும்போதெல்லாம் புதிதாக ஒரு எண் போடச் சொல்வார்கள். விடாதீர்கள், பழைய எண்ணையே கொடுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டையும் அதே மாதிரிதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அந்த நிறுவனம் ஈ.எஸ்.ஐ.க்குள் வருவதாக இருந்தால், நீங்கள் கான்டிராக்ட் ஆளானாலும் உங்களுக்கு உண்டு. சேர்ந்த முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

கண் பரிசோதனையில் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரிவதுதான் முக்கியம். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி போட வெட்கப்பட்டால் ரூட், அதாவது ஜாயிண்டின் அடியில் போடும் முதல் வெல்ட், தெரியாது. ஹெல்மெட்டுக்குள் வைக்கும் பவர் லென்ஸ் கடையில் கிடைக்கிறது.

3. டபிள்யூ.பி.எஸ். என்ற தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

எந்தப் பைப், என்ன ராடு, எத்தனை ஆம்பியர், எத்தனை இடைவெளி என்று எழுதியிருக்கும் ஓரிரு பக்கத் தாள் அது. டெஸ்ட் அதன்படிதான் நடக்கும். வெல்டருக்குக் காட்டுவது கம்பெனியின் கடமை, ஆனால் நீங்கள் கேட்காமல் தரமாட்டார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது அதிலுள்ள எண்கள்.

பொதுவாக இந்தப் பக்கம் கொடுப்பது கார்பன் ஸ்டீல் பைப்பில் டிக் (ஆர்கான் கேஸ் வைத்துச் செய்யும் வெல்டிங்) ரூட், மேலே 7018 ராடில் ஃபில்லிங் (இடையை நிரப்புவது), கேப்பிங் (மேல் மூடி). எந்த அளவுப் பைப்பில் டெஸ்ட் கொடுக்கிறீர்கள் என்பதுதான் பின்னால் எந்தெந்த லைனில் நீங்கள் கை வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். '6 இன்ச் பாஸ் பண்ணிட்டேன், இனி எல்லாப் பைப்பும் செய்யலாம்' என்பார்கள். தப்பு. செக்‌ஷன் 9 கணக்கு இப்படி:

வெளிவிட்டம் 73 மி.மீ.க்கு மேற்பட்ட பைப்பில் தேறினால், 73 மி.மீ.யும் அதற்கு மேலும் செய்யலாம். 25 முதல் 73 மி.மீ. வரையுள்ள பைப்பில் தேறினால், 25 மி.மீ. தொடங்கி எவ்வளவு பெரிய பைப்பும் செய்யலாம். அதற்கும் சின்னப் பைப் என்றால் அந்த அளவிலிருந்து மேலே எல்லாம். 2 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. அதில் தேறியவர் 6 இன்ச்சும் தொடலாம். 6 இன்ச்சில் மட்டும் தேறியவர் 2 இன்ச்சைத் தொடக் கூடாது.

தடிமனுக்கு வேறு கணக்கு. நீங்கள் போட்ட வெல்ட் மெட்டலின் தடிமன் எவ்வளவோ அதன் இரண்டு மடங்கு வரை செய்யலாம். 13 மி.மீ.யும் அதற்கு மேலும், குறைந்தது மூன்று லேயராகப் போட்டிருந்தால் வரம்பே இல்லை. இதை டிக்குக்குத் தனியாகவும் ராடுக்குத் தனியாகவும் பார்ப்பார்கள். பலருக்குத் தெரியாத இடம் இதுதான். 2 இன்ச் ஷெட்யூல் 80 (ஷெட்யூல் என்பது பைப்பின் தடிமனைக் குறிக்கும் எண்) பைப்பின் தடிமன் 5.54 மி.மீ. அதில் டிக் 3 மி.மீ. போட்டுவிட்டால் ராடுக்கு மிஞ்சுவது இரண்டரை. ஆக ராடில் நீங்கள் 5 மி.மீ. வரைக்கும்தான் தகுதி. அதே 2 இன்ச்சில் டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங் பைப் 11.07 மி.மீ. தடிமன். டிக் 3 போக ராடு 8, அதாவது 16 மி.மீ. வரை கிடைக்கும்.

அதனால் கேட்கும் வாய்ப்பு இருந்தால் 2 இன்ச் டபுள் எக்ஸ் கூப்பன் கேளுங்கள். சின்ன வட்டத்தில் கை திருப்புவது கஷ்டம், நேரமும் பிடிக்கும். ஆனாலும் ஒரே டெஸ்ட்டில் இவ்வளவு அகலமான தகுதி கிடைப்பது அரிது. தடிப் பைப் வேலைக்கு என்று தனியாக எடுப்பதானால் 6 இன்ச் ஷெட்யூல் 160. அது 18.26 மி.மீ. ராடு மட்டுமே 13 மி.மீ.யைத் தாண்டிவிடும்.

4. பழகும் செலவு

2 இன்ச் ஷெட்யூல் 80 பைப் மீட்டருக்கு ஏழரைக் கிலோ. இருபுறமும் 150 மி.மீ. துண்டு வைத்து ஒரு கூப்பனுக்கு 300 மி.மீ. போகும், அதாவது இரண்டேகால் கிலோ. கிலோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு கூப்பனுக்கு 225 ரூபாய். டபுள் எக்ஸ் என்றால் நான்கு கிலோ, 400 ரூபாய். லேத்தில் பெவல் (விளிம்பைச் சாய்வாகச் சீவுவது) போடும் கூலி தனி. கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளில் துண்டுப் பைப் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். காந்தம் ஒட்டுகிறதா, உள்ளே துரு இல்லையா, கால்வனைஸ் பூச்சு இல்லையா என்று பார்த்து எடுங்கள். ஒரு கூப்பனை வெல்ட் செய்தபின் அந்த இடத்தை அறுத்தெடுத்து மறுபடி பெவல் போட்டால் நாலைந்து தடவை ஓடும்.

ஆர்கான் பெரிய சிலிண்டர் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்று விட்டால் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆர்க் எரியலாம். பழகுகிற ஒருவருக்கு அது வாரக்கணக்கில் வரும். தீர்ந்துபோவது பெரும்பாலும் கசிவால்தான். இரவில் சிலிண்டர் வால்வை மூடாமல் ரெகுலேட்டரை மட்டும் தளர்த்திவிட்டுப் போனால் காலையில் முள் கீழே கிடக்கும். இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடம் கேட்டு, சிலிண்டரையும் டெபாசிட்டையும் பங்கு போட்டுக்கொள்வது இந்தப் பக்கம் நடக்கிற வழக்கம். ஷெட்டுக்காரருக்குக் கரண்ட் செலவு மட்டும் கொடுத்தால் போதும் என்பார்கள்.

எவ்வளவு காலம் பழக வேண்டும்? கேட் வேலை செய்த கைக்கு டிக் புதிது என்றால் இரண்டு மூன்று மாதம், வாரம் ஒரு நாள் இரண்டு நாள் என்று. ராடில் நன்றாக ஓடுகிறவர்களும் டிக் ரூட்டுக்கு அத்தனை நேரம் எடுக்கத்தான் செய்யும்.

5. பாலக்காட்டுக் காற்றும் மழையும்

வேறு ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. கஞ்சிக்கோடும் வாளையாரும் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் கிடக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி தையில் கிழக்கிலிருந்தும் காற்று ஷெட்டுக்குள்ளேயே வீசும். டிக்கில் உருகும் உலோகத்தைக் காப்பது ஆர்கான் திரை ஒன்றுதான். காற்று மணிக்கு 8 கி.மீ.யைத் தாண்டினால் கேஸ் திரையை நம்பிச் செய்யும் வெல்டிங் கூடாது என்பது பொதுவான விதி. 8 கி.மீ. என்பது முகத்தில் லேசாகப் படுகிற காற்று. அதிலேயே ரூட்டில் பிளோ ஹோல் (காற்றுக் குமிழித் துளை) வரும்.

கேஸைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று 20 லிட்டருக்குத் திறப்பார்கள். வேகம் கூடினால் நாசிலிலிருந்து வரும் ஆர்கானே சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். 8 முதல் 12 லிட்டர் போதும். தடுப்புத்தான் கட்ட வேண்டும். தீப்பிடிக்காத வெல்டிங் கர்ட்டன் துணி, இல்லையென்றால் தகரத் தட்டி. தார்ப்பாய் வேண்டாம், பொறி பட்டால் எரியும். பைப்பின் இரண்டு வாயையும் அடைக்க மறக்காதீர்கள். வெளியே காற்றே இல்லாதபோதும் பைப்புக்குள் காற்று ஊதிக்கொண்டிருக்கும், ரூட் உள்பக்கம் நுரைத்துப் போவது அதனால்தான். மாஸ்கிங் டேப் ஒட்டி சின்னத் துளை மட்டும் விடுங்கள். டெஸ்ட் பூத்திலும் இதைச் செய்ய அனுமதி கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆனி ஆடி மழையில் 7018 ராடு ஈரம் குடிக்கும். அது லோ ஹைட்ரஜன் ராடு. ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், வேலை முடிந்து ஆறியபின் விரிசல் விடும். பெட்டியில் போட்டிருக்கும் சூட்டில், பெரும்பாலும் 300 டிகிரிக்கு மேல் ஒரு மணியோ இரண்டு மணியோ, ஓவனில் சுட்டு எடுத்து, கையோடு போர்ட்டபிள் ஓவனில் வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வெளியே எடுத்த ராடு 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் மறுபடி சுட வேண்டும் என்பதுதான் பல கம்பெனிகளில் கணக்கு. டெஸ்ட் அன்று திறந்த பெட்டியிலிருந்து சில்லென்ற ராடை எடுத்துக் கொடுத்தால், "அண்ணா, சுட்ட ராடு கொடுங்க" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதற்காக யாரையும் பெயில் போட்டதில்லை. வேலை தெரிந்த ஆள் என்று இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துதான் பார்ப்பார்.

6. உடம்பைக் காக்கும் சாமான், சொந்தமாக

டெஸ்ட் கொடுக்க வருகிறவருக்கு கான்டிராக்டர் பெரும்பாலும் எதுவும் தரமாட்டார். கிழிந்த கையுறையோடு போய் ஹெல்மெட் கடன் வாங்கி நிற்காதீர்கள். லெதர் கையுறை, டிக்குக்கு மெல்லிய கையுறை தனியாக, லெதர் ஏப்ரன், ஷூ, பருத்தி முழுக்கைச் சட்டை. பாலியஸ்டர் பேன்ட் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் 1,500 ரூபாய் அளவில் தொடங்குகிறது. 10 அல்லது 11 ஷேடில் வையுங்கள்.

ஆர்க் அடித்த கண் அப்போதே வலிக்காது. இரவு படுத்தபின் மணல் கொட்டியது போல் உறுத்தும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று வைத்தியம் சொல்வார்கள். கண்ணைக் கழுவி, மூடி, டாக்டரிடம் போங்கள். மறுநாள் டெஸ்ட் என்றால் தள்ளிப் போடுங்கள்.

புகைக்குப் பாலும் வெல்லமும் சாப்பிட்டால் போதும் என்பது நம் ஷெட்டுகளில் வேதவாக்கு. வயிற்றுக்குப் போவது நுரையீரலைக் கழுவாது. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் சேர்த்துவிட்டது. புகைக்குப் பக்கவாட்டில் தலையை வையுங்கள், என்95 போடுங்கள், எக்ஸாஸ்ட் இருக்கும் பூத்தைக் கேளுங்கள். கால்வனைஸ் பைப்பில் பூச்சைத் தேய்த்தெடுக்காமல் பற்ற வைத்தால் இரவே நடுங்கிக் காய்ச்சல் வரும்.

டிக் டார்ச்சில் மாட்டும் டங்ஸ்டன் ஊசியில் சிவப்பு நுனி உள்ளது தோரியம் கலந்தது, கதிரியக்கம் உண்டு. அதைக் கிரைண்ட் செய்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. சாம்பல் நிற நுனியோ நீல நுனியோ வாங்குங்கள், வேலை அதே மாதிரி நடக்கும்.

மழைக்காலத்தில் வேர்த்த கையோடு ராடு மாற்றுவது ஷாக் அடிக்கும் நேரம். ராடு பற்றாதபோது ஹோல்டரில் 60, 80 வோல்ட் நிற்கும். நனைந்த உடம்புக்கு அது போதும். காய்ந்த கையுறை இரண்டாவது ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், காலடியில் பலகையோ ரப்பரோ போடுங்கள்.

டேங்குக்குள்ளோ குழியிலோ டிக் வேலை என்றால் ஆர்கான் காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும், வாசனை கிடையாது. மூச்சு முட்டுகிறது என்று உணர்வதற்கு முன்பே ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். என்95 இதற்குக் காவல் இல்லை. வெளியே ஒருவர் நின்று பார்க்காமல், உள்ளே ஆக்சிஜன் அளக்காமல் இறங்காதீர்கள், யார் திட்டினாலும் சரி. பழைய எண்ணெய் டிரம்மில் வெல்டிங் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

7. டெஸ்ட் அன்று

காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழரைக்குப் போங்கள். கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை நம்புவதைவிட எட்டிமடை, வாளையார் வழியாக வரும் பாசஞ்சரின் நேரத்தைப் பார்த்துக்கொள்வது மேல். உங்கள் பையில் வயர் பிரஷ், அரம், 2.4 மி.மீ. டங்ஸ்டன் நாலைந்து கூர் தீட்டியபடி, உங்கள் கைக்குப் பழகிய நாசில், நல்ல டார்ச் லைட் இருக்கட்டும்.

ஃபிட்டப் (இரண்டு துண்டையும் நேராகப் பொருத்துவது) உங்கள் கையில் விட்டால் பாதி டெஸ்ட் முடிந்த மாதிரி. டபிள்யூ.பி.எஸ். வேறு சொல்லாவிட்டால் ரூட் ஃபேஸ் (பெவலின் அடியில் சீவாமல் விடும் விளிம்பு) ஒரு மி.மீ., இடைவெளி இரண்டரை முதல் மூன்று. இடைவெளிக்கு ஃப்ளக்ஸ் (மேல்பூச்சு) தட்டிய, அதே தடிமனுள்ள ராடின் கம்பியை வளைத்து இடையில் வைப்பது எல்லோரும் செய்வது. பெவலையும், உள்ளும் புறமும் ஓர் அங்குலம் வரையிலும் பளபளவென்று தேயுங்கள். டாக் (பிடித்து நிறுத்தும் சின்ன வெல்ட்) மூன்று போட்டால் 2 இன்ச்சுக்குப் போதும். டாக்கின் இரண்டு முனையையும் இறகு போல மெல்லிசாகக் கிரைண்ட் செய்துவிடுங்கள், ரூட் அதில் ஏறும்போது ஃப்யூஷன் (உருகி ஒன்றாகச் சேர்வது) விட்டுப் போவது அங்கேதான். இடைவெளி எந்தப் பக்கம் அகலமோ அந்தப் பக்கத்து ரூட்டை முதலில் போடுங்கள். வெல்ட் சுருங்கும்போது அந்தப் பக்கம் இறுகும்.

பைப்பை ஸ்டாண்டில் 45 டிகிரியில் கட்டி, மேல் புள்ளியை மார்க் செய்து பஞ்ச் அடித்துவிட்டால் அப்புறம் அசைக்கக் கூடாது. அசைத்தால் அங்கேயே பெயில். பற்ற வைக்கும் முன் வெறும் வெல்டிங் டார்ச்சோடு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கே முழங்கை இடிக்கும், எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ரூட் அடியில், ஆறு மணி இடத்தில், தொடங்கி மேலே பன்னிரண்டு மணிக்கு. பிறகு மறு பக்கம். அடியில் உருகிய உலோகம் தன் எடையால் கீழே தொங்கும், அதனால் பைப்பின் உள்பக்கம் குழி விழும். ஃபில்லர் கம்பியை இடைவெளிக்குள் தள்ளிக் கொடுங்கள், ஆர்க்கைக் குட்டையாகப் பிடியுங்கள். மேலே வரவர எதிர்மாறாக உள்ளே வழியப் பார்க்கும். அங்கே வேகத்தைக் கூட்டுங்கள். இரண்டு விளிம்பும் உருகிச் சின்னத் துளையாகத் தெரிகிறதா என்பதில் மட்டும் கண் இருக்கட்டும். நிறுத்தும்போது டார்ச்சை உடனே எடுக்காமல் போஸ்ட் ஃப்ளோ (ஆர்க் அணைந்தபின் வரும் கேஸ்) நிற்கும்வரை அங்கேயே பிடியுங்கள். எடுத்தால் முடிவில் குழியும் பிளோ ஹோலும் வரும். கம்பி நுனி கறுத்துவிட்டால் நறுக்கி எறியுங்கள். டங்ஸ்டன் குளத்தில் தொட்டுவிட்டால் அந்த இடத்தைக் கிரைண்ட் செய்து, வேறு டங்ஸ்டன் போட்டுத் தொடருங்கள். தொட்டதை மறைத்து மேலே ஓட்டினால் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

ரூட் முடிந்ததும் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். டார்ச் லைட்டால் உள்ளே பார்ப்பார். சரியென்றால் மேலே ராடு. ரூட் மெல்லிசாக இருந்தால் முதல் ராடு ஓட்டையைப் போட்டுவிடும். இரண்டாவது சுற்றும் டிக்கில் போடச் சில டபிள்யூ.பி.எஸ். இடம் தரும், ஆனால் மூன்றாம் படியில் சொன்ன தடிமன் கணக்கை மறக்காதீர்கள். 7018-ஐ சற்று முன்னால் பற்றவைத்துப் பின்னால் வந்து தொடங்குங்கள், தொடக்கத்து பிளோ ஹோல் அதன்மேலேயே உருகிப் போகும். பெவலுக்கு வெளியே பைப்பில் ஆர்க் தட்டாதீர்கள். ஒவ்வொரு ரன்னுக்கும் ஸ்லாக்கை (மேலே படியும் கசடு) முழுக்கத் தட்டி, பக்கவாட்டு மூலையில் பிரஷ் போகாவிட்டால் கிரைண்டர் வைத்து எடுங்கள். கேப்பிங் கீழ் விளிம்பிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். உயரம் மூன்று மி.மீ.க்குள். கேப்பை கிரைண்ட் செய்து அழகு பார்க்க வேண்டாம், பல இடங்களில் அதற்கே ரிஜெக்ட்.

8. ரிசல்ட் எப்படி வரும்

கண்ணால் பார்ப்பதில் தப்பினால் எக்ஸ்ரே, அல்லது அறுத்து வளைக்கும் பெண்ட் டெஸ்ட். 6ஜி கூப்பனில் சுற்றிலும் நான்கு துண்டு எடுத்து வளைப்பார்கள். வளைந்த பரப்பில் 3 மி.மீ.க்கு மேல் ஒரு வெடிப்புத் திறந்தாலும் போச்சு. மூலையில் வரும் வெடிப்பை, உள்ளே ஸ்லாக்கோ ஃப்யூஷன் குறையோ இருந்ததற்கு அடையாளம் இல்லையென்றால், கணக்கில் எடுப்பதில்லை. இதைத் தெரிந்து வைத்திருங்கள், அவசரத்தில் சிலர் அதற்கும் பெயில் எழுதுவார்கள்.

எக்ஸ்ரேயில் விரிசல், ஃப்யூஷன் குறை, பெனட்ரேஷன் குறை (வெல்ட் அடிவரை இறங்காதது) மூன்றுக்கும் மன்னிப்பில்லை. 10 மி.மீ. வரையுள்ள தடிமனில் நீளமான ஸ்லாக் 3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ரே வழியில் குறைந்தது 150 மி.மீ. நீள வெல்ட் காட்ட வேண்டும். 2 இன்ச்சின் சுற்றளவு 189 மி.மீ., ஒரு கூப்பன் போதும். 1 இன்ச் பைப் என்றால் இரண்டு கூப்பன் செய்யச் சொல்வார்கள், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். ஃபிலிம் ரிசல்ட் ஓரிரு நாளில் வரும், பெண்ட் என்றால் அறுத்து மெஷின் செய்ய இன்னும் நாளாகும். செலவு கம்பெனியுடையது. உங்களிடம் கேட்டால் ரசீது கேளுங்கள். இரவில் கதிரியக்கமுள்ள இரிடியம் வைத்து ஃபிலிம் எடுக்கும்போது கயிறு கட்டிய எல்லைக்குள் எட்டிப் பார்க்கப் போகாதீர்கள்.

9. பெயிலானால்

உடனே மறு டெஸ்ட் கொடுக்கலாம், அப்போது ஒன்றுக்கு இரண்டு கூப்பன், இரண்டும் தேற வேண்டும். கை தளர்ந்திருக்கும் அன்றைக்கே இதற்கு ஒப்புக்கொள்ளாமல், மேலும் பயிற்சி எடுத்துவிட்டு வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள், விதியில் அதற்கும் இடமுண்டு. ஃபிலிமைக் காட்டச் சொல்லுங்கள். குறை ஐந்து, ஆறு, ஏழு மணி இடங்களில் என்றால் அடியில் உட்காரும் நிலையைப் பழக வேண்டும். நிறுத்தித் தொடங்கிய இடங்களில் மட்டும் என்றால் கை சரிதான், நிறுத்தும் முறைதான் குறை. வெறும் 'பெயில்' என்ற சொல்லோடு வீட்டுக்குப் போனால் அடுத்த முறையும் அதே இடத்தில்தான் விழும்.

10. தேறிய பிறகு

டபிள்யூ.பி.க்யூ. நகலை, வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கி, போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள். அந்தத் தகுதிக்குத் தேதி முடிவு என்று ஒன்று இல்லை. ஆனால் அந்த புராசஸில் ஆறு மாதம் தொடாமல் இருந்தால் போய்விடும். டிக்கும் ராடும் தனித்தனிக் கணக்கு. ராடு வேலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் டிக் தகுதி காலாவதியாகும். காலாவதியானால் ஒரே ஒரு கூப்பன் வெல்ட் செய்து தேறிப் புதுப்பிக்கலாம், முழு டெஸ்ட் வேண்டியதில்லை.

சொந்தமாக ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, புராசஸ், பைப் அளவு, ஜாயிண்ட் எண், சூப்பர்வைசர் கையெழுத்து, இவ்வளவே. மாதம் ஒரு வரி எழுதினாலும் போதும். ஆலையை நிறுத்திப் பார்க்கும் ஷட்டவுன் வேலைகளில் கையெழுத்தை அந்த வாரத்துக்குள் வாங்குங்கள், வேலை முடிந்தால் சூப்பர்வைசர்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். ஐ.பி.ஆர். எடுத்தவர்கள் அதே நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டாண்டு முடியும் தேதியை எழுதி, இரண்டு மாதம் முன்னதாகவே பாய்லர் துறையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.